அய்யாவுக்குச் சேரவேண்டிய அரிசி

என் வாயில் முன்வரிசைப் பற்கள் ஆறு கிடையாது. கீழே நான்கு, மேலே இரண்டு. பல் செட் இருக்கிறது. விசேஷ வீடுகளுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வேன். பார்க்கிறவர்கள் புகையிலையால் போன பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. அரிசியைக் கடித்தே பல்லைத் தொலைத்தேன் என்றால் யார் நம்பப் போகிறார்கள்? ஆனால் எனக்கு வைத்தியம் பார்த்த பல் டாக்டரம்மா, "உங்களை மாதிரி நெறையப் பேர் இருக்காங்க. வெட்கப்பட்டுக்கிட்டு, முத்துன பிறகுதான் வாராங்க. நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவர், எழுதுங்க" என்று சொல்லி அனுப்பினார். அவருக்குக் கொடுத்த வாக்குக்காக எழுதுகிறேன். இதில் பாதி அவருக்குத் தெரியும். மீதிப் பாதியை அவரிடம் சொல்லவில்லை, சொல்லத் தைரியமும் வரவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். நல்லவர்கள், அவர்களை எதற்கு இதில் இழுப்பது?

எங்களுக்குத் திருவாதவூரில் கொஞ்சம் நிலம். அது குடும்பத்துக்குப் பத்தாமல் நான் மதுரைக்கு வந்து, ஓர் அரிசி ஆலையில் களத்து மேஸ்திரியாக இருந்தேன். கோரிப்பாளையத்தில் வாடகைக் குடித்தனம், நானும் என் மனைவி செல்லமும். ஆலையில் அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். எப்போது அள்ளி மிஷினில் போடலாம் என்று சொல்வதுதான் என் வேலை. ஈரம் இருந்தால் அரிசி நசுங்கும், கூடக் காய்ந்தால் குருணையாகப் போகும். பதம் தெரிய ஒரே வழி கடித்துப் பார்ப்பது. இரண்டு நெல்லை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் உமியை நீக்கி, அரிசியை முன்பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்க வேண்டும். மாவாக அமுங்கினால் ஈரம். 'டிக்' என்று ஒரே சத்தத்தில் உடைந்தால் பதம். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்கும், ஆனால் கடிக்கிறவனுக்கு அது மண்டைக்குள் கேட்கும். அதில் ஒரு சுகம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

வேலைக்காகக் கடித்தது எந்த நாளில் வேலை இல்லாமலும் கடிப்பதாக மாறியது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் இந்த நோயே. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன், வாயில் அரிசி இருக்கும். முடி வெட்டிக்கொள்ளும்போது, தூங்கி எழும்போது, சாமி கும்பிடும்போதுகூட இருக்கும்.

"ஏங்க, வாயில என்ன?" என்பாள் செல்லம்.

"ஒண்ணுமில்லையே."

"துப்புங்க."

துப்பினால் அவள் உள்ளங்கையில் அரிசி விழும். நான் ஏமாற்றுகிறேன் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏமாற்றவில்லை என்று கண்டுகொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்தது.

என் சட்டைப் பைகளை எல்லாம் ஊசிநூல் போட்டுத் தைத்தாள். சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் விரல் நுனிகளில் வேப்பெண்ணெய் தடவினாள். வாயில் கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொன்னாள். கிராம்பும் இருந்தது, அரிசியும் இருந்தது. ஆலை வேலையை விட்டுவிட்டு ஒரு மரக்கடையில் சேர்ந்தேன். அங்கே கடித்துப் பார்க்கத் தேக்குதான் உண்டு. வீட்டில் ஒரு மணி அரிசி இருக்கக்கூடாது என்று செல்லம் அரிசி டின்னையே தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு மைமூன் அக்காவிடம் வைத்தாள். இரண்டு வேளையும் அங்கேயே கழுவி உலையில் போட்டு, சோறாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அந்த அக்காவும் முகம் சுளிக்கவில்லை.

அதற்குப் பிறகும் என் வாயில் அரிசி இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒருநாள் கடைத்தெருவில் ஒரு அரிசிக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "என்னண்ணே, தெனமும் வந்து மூட்டையில கைவிட்டுப் பாக்குறீக, விலையே கேக்க மாட்டேங்கிறீகளே?" என்றார். அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

அந்த வருஷம், எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், வைகாசியில் அய்யா இறந்துபோனார். அய்யா என்றால் என் தகப்பனார். நல்ல சாவுதான், கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கண்மாய்க் கரைச் சுடுகாட்டில் முகத்துணியை விலக்கி, வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். மூத்த மகன் நான்தான் முதலில் போட வேண்டும். கையைத் திருப்பி, புறங்கை வழியாக மூன்று தடவை அரிசியைச் செத்தவர் வாயில் இட வேண்டும். அய்யா பொல்லாதவர், யார் அரிசி கொடுத்தாலும், ரேஷன் கடையாக இருந்தாலும், ஒன்றைக் கடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். அது ஞாபகம் வந்தது. தட்டிலிருந்து அரிசியை அள்ளினேன். அள்ளியது வரைக்கும்தான் நான்.

'டிக்.'

கொட்டு நின்றது. குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். என் கை என் வாயில் இருந்தது.

"டேய், என்னடா பண்ணிட்ட?" என்றார் சித்தப்பா.

யாரோ ஒருவர் என் தாடையைப் பிடித்து அரிசியைத் தோண்டி எடுத்தார். இன்னொரு பிடி அள்ளப் போனேன். "அவனை விடாதீக, திரும்பப் பண்ணிருவான்" என்று தட்டை நகர்த்திவிட்டார்கள். சித்தப்பாவும் மற்ற பங்காளிகளும் போட்டார்கள், நான் போடவில்லை. கொள்ளி மட்டும் வைத்துவிட்டு வந்தேன். செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. என்னைப் பெற்ற ஆத்தா என் முகத்தைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி கடைசியில் கீழ்த்தாடை வீங்கியது. முதலில் நாடியில், முகவாய்க் கட்டையில், ஒரு நெல்லிக்காய் அளவு. மறுநாள் காதுக்குக் கீழே வரை வந்தது. அதற்கு அடுத்த நாள் கழுத்து பலகையாக இறுகி, எச்சில் விழுங்க முடியவில்லை. மைமூன் அக்காவின் வீட்டுக்காரர் என்னைத் தன் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பல் வைத்தியப் பிரிவின் வராந்தா எனக்கு இன்றும் கனவில் வருகிறது. இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு நிறைய மனிதர்கள், அத்தனை பேரும் ஒரே மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று நானும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தேன்.

டாக்டரம்மாவுக்குச் செல்லத்தைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். என் வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. சின்னக் கண்ணாடியின் காம்பால் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தட்டி, "தெரியுதா? இது? இது?" என்று கேட்டார். எதுவும் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லி, அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வேர்களுக்கு அடியில் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள் இருந்தன.

"பல்லுக்குள்ள உசுர் இருக்குங்க. மேல இருக்குற எனாமல் அதுக்கு ஓடு மாதிரி. நீங்க அந்த ஓட்டைத் தேய்ச்சு, விரிசல் விட்டு, உள்ள இருக்குற நரம்பு செத்துப்போச்சு. செத்த இடத்துல சீழ் பிடிச்சு வேர் வழியா இறங்கிருச்சு. உங்க வாயில ஆறு பல் செத்துக் கிடக்கு."

உயிரோடு இருக்கிறவன் வாயில் செத்துக் கிடக்கிறது என்று அவர் சொன்னது என்னை என்னவோ செய்தது.

"என்னத்தைக் கடிக்கிறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இது கெட்ட புத்தி இல்ல. கை பழகினதை மனசு கவனிக்கிறதை விட்டுருச்சு. இனிமே நீங்களும் உங்க வீட்டு ஆட்களும்தான் கவனிக்கணும். இப்ப கழுத்துல இருக்குற வீக்கம் இன்னும் உள்ள போனா மூச்சுக் குழாயை அடைச்சிரும். கீறி விட்டுச் சீழை எடுக்கிறேன். ஆனா ஒண்ணு. புண் ஆறுற வரைக்கும் ஒரு அரிசி வாய்க்குள்ள போகக்கூடாது. போச்சுன்னா திரும்பவும் வீங்கும். அந்தத் தடவை எனக்கு நேரம் கிடைக்காது" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, செல்லத்தைப் பார்த்தார்.

நாடிக்கு அடியில் கீறி, சீழ் வடிய ஒரு ரப்பர்க் குழாயை வைத்துத் தைத்தார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்கிறதா என்று முன்கையில் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வேளை தவறாமல் குத்தினார்கள். என் சட்டை வேட்டியை எல்லாம் செல்லம் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆஸ்பத்திரி உடுப்புதான், பையே கிடையாது. சாப்பாடு என்று ஒன்றும் இல்லை, ஓரமாக ஊற்றிக்கொள்ளும் கஞ்சிதான். ரம்ஜான் மாதம் அது. சாயங்காலம் ஆனால் மைமூன் அக்கா பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் துணியில் வடிகட்டித் தூக்குவாளியில் கொண்டுவருவார். "அரிசி ஒண்ணுகூட இல்லாம வடிச்சிருக்கேன் தம்பி, நம்பிக் குடி" என்பார். பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், தான் நோன்பு திறக்கும் முன்னால் எனக்கு ஊற்றிவிட்டுத்தான் போவார்.

இரண்டாம் நாள் ஆத்தா ஊரிலிருந்து வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தினமும் காலை பஸ்ஸில் வருவாள், வெயில் தாழக் கிளம்புவாள்.

பக்கத்துக் கட்டிலில் வண்டியூர்க்காரர் ஒருவர். மாடு உதைத்துத் தாடை உடைந்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பல் அசையாமல் பேசுவார். பேசுவது அவர்தானா என்று சில சமயம் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் என் வாயைக் கழுவ வந்தவர், இடுக்கியால் கீழ் உதட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். பிறகு உள்ளேயிருந்து எதையோ எடுத்து வெள்ளைத் தட்டில் போட்டார். ஒரு அரிசி. முழு அரிசி.

"யார் குடுத்தது?"

செல்லம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். தலையணையை உதறினாள், விரிப்பை உதறினாள், கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நான்காம் நாளும் ஒரு அரிசி கிடைத்தது. அன்று காய்ச்சல் திரும்பவும் ஏறியது, குழாய் வழியாகப் புதுச் சீழ் வடிந்தது. டாக்டரம்மா வந்து, கழுத்தை அழுத்திப் பார்த்து, ஊசியை மாற்றி எழுதினார். எனக்குச் சாவு பயம் வந்துவிட்டது. அரிசி இல்லாத இடத்தில் அரிசி வருகிறது என்றால் அதை யார் தருகிறார்கள்? எனக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது, துணி விலக்கிய முகம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. வெக்கையில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வண்டியூர்க்காரர் தன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. நீங்க தூங்குறப்ப உங்க கை மட்டும் முழிச்சிருக்கு" என்றார், அசையாத பல்லுக்குள்ளிருந்து. "தலைமாட்டுப் பக்கம் நீளுது. யார்கிட்டயோ வாங்குற மாதிரி கொஞ்ச நேரம் நிக்கிது. அப்பறம் வாய்க்கு வருது."

நான் வாயைத் தடவினேன். அதில் அரிசி இருந்தது.

அன்று ஆத்தா வரத் தாமதமாகியிருந்தது. நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், செல்லம் வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாள். ஆத்தா வந்து தலைமாட்டில் உட்கார்ந்தது தெரிந்தது. பிறகு செல்லத்தின் குரல் கேட்டது.

"அத்தை, என்ன பண்றீக?"

கண்ணைத் திறந்தேன். மெத்தை உறையின் திறந்த ஓரத்துக்குள், என் தலைக்கு நேர் கீழே, ஆத்தாவின் கை முழங்கை வரை போயிருந்தது. மடியில் ஒரு சின்னத் துணி முடிச்சு, அவிழ்ந்து கிடந்தது.

ஆத்தா மறைக்கவில்லை. "போன உசுரு வாங்காமப் போகாது தாயி. இவன் போட வேண்டிய அரிசியைப் போடலை. அதான் வந்து இவன் வாயைப் புடிச்சிருக்காரு. தலைமாட்டுல ஒரு பிடி வச்சா எடுத்துக்கிட்டு இவனை விட்டுட்டுப் போயிருவாருன்னு வச்சேன்" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னாள்: "வைக்க வைக்கக் காணாமப் போகுது. வாங்குறாரு. அதான் தெனமும் கொண்டாரேன்."

செல்லம் வெந்நீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "எடுத்தது மாமா இல்ல அத்தை. ஒங்க மகன்" என்றாள்.

ஆத்தாவுக்கு முதலில் புரியவில்லை. செல்லம் என் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஆத்தா என் கையைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். "அய்யோ, நானே குடுத்தேனா? நானே ஊட்டி விட்டேனா?" என்று அந்தக் கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. பேச முடியாமல் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

ஆயாம்மாவை வைத்து மெத்தை உறையைக் கழற்றி உதறினார்கள். நாலு நாளும் நாலு பிடி வைத்ததாக ஆத்தா சொன்னாள். என் வாயில் கிடைத்தது மூன்றே அரிசி. அன்று வைத்த பிடி அப்படியே இருந்தது. மற்ற மூன்று பிடியில் ஒரு மணிகூட அந்த உறைக்குள் இல்லை. "எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள் ஆயாம்மா. எறும்பையும் காணோம். டாக்டரம்மாவிடம் நான் சொல்லாதது இதைத்தான்.

அவர் சொல்லி என் வலது கையில் அரிசி எடுக்கிற மூன்று விரல்களையும் பஞ்சு வைத்துச் சேர்த்துக் கட்டினார்கள். அந்தக் கட்டுத் துணியின் மறுநுனியைச் செல்லம் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். என் கை அசைந்தால் அவள் விழித்துக்கொள்வாள். கல்யாணத்தில்கூட என் கையை அவ்வளவு நேரம் அவள் பிடித்திருக்கவில்லை. முதல் இரண்டு நாள் எத்தனை இழுப்பு இழுத்தேனோ, அவள் மணிக்கட்டில் தோல் வழன்றுவிட்டது. ஒரு தடவைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏங்க, கை போகுது" என்பாள், அவ்வளவுதான்.

வீக்கம் வடிந்த பிறகு ஆறு பற்களையும் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலியில்லை. ஒரு பல் மட்டும் வேரோடு வராமல் நடுவில் முறிந்தது. டிக். மண்டைக்குள் அதே சத்தம். நன்றாகக் காய்ந்த சத்தம். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் கட்டை அவிழ்க்கவில்லை. புண் ஆறியது, கழுத்து இளகியது, ஆனால் கட்டுக்குள் அந்த மூன்று விரல்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. "குடுத்துருப்பா. அவருக்குச் சேர வேண்டியதைக் குடுத்துரு" என்று ஆத்தா சொல்லி அனுப்பினாள். எனக்கு நம்பிக்கையா, இல்லையா என்று கேட்காதீர்கள். மைமூன் அக்கா வீட்டில் இருந்த எங்கள் டின்னிலிருந்து ஒரு பிடி அரிசியைச் செல்லம் முந்தியில் முடிந்துகொண்டாள். ஊருக்குப் போனோம்.

சுடுகாட்டுக்குப் பொம்பளை வரக்கூடாது என்றார் சித்தப்பா.

"அவுக கையைப் புடிக்க வேற யாரு இருக்கா?" என்றாள் செல்லம். சித்தப்பா கண்மாய்க் கரையிலேயே நின்றுகொண்டார்.

காலை வெயில் அப்போதுதான் ஏறியிருந்தது. அய்யாவை எரித்த இடத்தில் புல் முளைத்திருந்தது. செல்லம் என் கைக்கட்டை அவிழ்த்து, உள்ளங்கையில் அரிசியைக் கொட்டினாள். பிறகு விலகி நின்றாள்.

"நான் புடிக்க மாட்டேன். நீங்களாத்தான் போடணும்."

அரிசியின் வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது. நாக்கு போய்ப் பல் இல்லாத இடத்தைத் தொட்டது. கை எழுந்தது. நெஞ்சு வரை வந்தது, கழுத்துத் தழும்பு வரை வந்தது. அதை நான் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அது எழுவதை முதல் முறையாக நான் பார்த்தேன். "அய்யா" என்றேன். கையைத் திருப்பினேன். அரிசி புறங்கை வழியாகப் புல்லில் விழுந்தது. மூன்று தடவையும் போட்டு முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

இன்றைக்கும் அந்தக் கை எழத்தான் செய்கிறது. எழும்போது எனக்குத் தெரிகிறது, திருப்பிவிடுகிறேன். இதைத்தான் டாக்டரம்மா எழுதச் சொன்னார்.

போட்ட பிறகு திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். நாங்கள் பார்க்காமல் நடந்தோம். பத்து அடி போயிருப்போம். பின்னால் புல்லுக்குள் சத்தம் கேட்டது.

'டிக்.'

செல்லம் நின்றாள். என் தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் வேகமாக நடந்தோம்.

வாசலில் ஆத்தா காத்துக்கொண்டு நின்றாள். "வாங்கிக்கிட்டாரா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம் பதில் சொன்னாள்.

"வாங்கிக்கிட்டாரு அத்தை. கடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குனாரு."